பதினேழு நாள் பதில் அமைச்சர்

மார்ச் 9, திங்கள்

காலை ஆறரைக்குக் கிணற்றடியில் நின்றபோது குலவீரசிங்கம் அழைத்தான். அவன் மாகாணத்தின் விவசாய, நீர்ப்பாசன அமைச்சராகி மூன்று வருடமாகிறது. எனக்கு இன்னும் குலம்தான். ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடம் ஒரே அறை. பிறகு ஒரே பாடசாலையில் பதினொரு வருடம். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த என்னை மாகாண சபைத் தேர்தலுக்கு இழுத்துவந்தவனும் அவன்தான்.

“மச்சான் அம்பலம், நான் தாய்லாந்துக்குப் போறன். நீர் முகாமைத்துவக் கருத்தரங்கு. ரெண்டரைக் கிழமை. என்ர கதிரையை நீதான் பாக்கவேணும்.”

“நான் விவசாயத்தில என்னத்தைக் கண்டன்? கணக்குப் படிப்பிச்சவன்.”

“கதிரைக்குக் கணக்கும் தெரியாது, விவசாயமும் தெரியாது. நீ இருந்தாச் சரி.”

அமைச்சர் ஒருவர் நாட்டை விட்டுப் போனால், முதலமைச்சர் ஒரு சபை உறுப்பினரின் பெயரைக் கொடுப்பார். ஆளுநர் அவரைப் பதில் அமைச்சராக நியமிப்பார். பாடசாலையில் வராத ஆசிரியரின் வகுப்புக்கு ஓய்வுப் பாடவேளையில் இருக்கும் ஒருவரை அனுப்புவதைப் போலத்தான். போகிறவர் புதுப் பாடம் தொடங்கமாட்டார். பிள்ளைகள் யன்னலால் குதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மனைவி புனிதத்திடம் சொன்னேன்.

“ரெண்டரைக் கிழமை அமைச்சரே? அப்ப இண்டைக்கு இன்னும் ஆகேல்லைத்தானே. பால்மா முடிஞ்சுது, கடைக்குப் போட்டு வாங்கோ.”

மார்ச் 11, புதன்

ஆளுநர் மாளிகையில் சத்தியப்பிரமாணம். நான்கு வரி வாசிக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் கத்திய நான் இரண்டாம் வரியைத் திரும்ப வாசித்தேன். நியமனக் கடிதத்தில் ‘மார்ச் 11 முதல் 27 வரை, கௌரவ அமைச்சர் நாட்டில் இல்லாத காலத்திற்கு’ என்று இருக்கிறது. என் பெயர் ‘அருளம்பலம்’ பிழையில்லாமல் இருந்தது. அரசாங்கக் கடிதங்களில் அது அபூர்வம்.

குலம் கையைப் பிடித்தான். “நீ இருக்கிறாய் எண்டதாலதான் நான் நிம்மதியாப் போறன்.” இன்றிரவே விமானமாம்.

திரும்பும்போது அமைச்சின் வாகனம். சாரதி அன்ரன் நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

“போனமுறை சுகாதாரத்துக்குப் பதிலா வந்த ஐயாவும் இந்தச் சீற்றிலதான் இருந்தவர், மாஸ்டர்.”

“இப்ப எங்க அவர்?”

“வீட்டில. அவற்ற ஊர் ஆசுபத்திரியில பிரசவ விடுதியை மூடக் கையெழுத்து வைச்சதெண்டு சனம் அவரைக் கோயில் திருவிழாவுக்கும் கூப்பிடுறேல்லை.”

பாவம். கடிதங்களை வாசிக்காமல் கையெழுத்து வைத்திருப்பார்.

மார்ச் 12, வியாழன்

பின்னேரம் பிள்ளையார் கோயிலுக்கு வாகனத்தில் போனேன். நடந்தால் ஏழு நிமிடம். புனிதம் வர மறுத்துவிட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

அமைச்சில் முதல் நாள். செயலாளர் திருமதி ஜெயறஞ்சினி தேநீர் தந்தார். மேசையில் ஒரே ஒரு கோப்பு: நெடுவாய்க்குளத்துச் சிறுபோகக் கூட்டம், மார்ச் 20.

எனக்கு ஆச்சரியம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில்தான் அந்தக் கூட்டம்.

“அமைச்சர் திகதி குடுத்திட்டுத்தான் போனவர், சேர்,” என்றார் செயலாளர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வேலை மிகுந்த பெண்.

எங்கள் ஊர் புளியவெட்டை, நெடுவாய்க்குளத்தின் கீழ்வாய்க்காலில் இருக்கிறது. மாரி மழையில் செய்யும் காலபோகத்துக்கு இரண்டு வாய்க்காலுக்கும் தண்ணீர் உண்டு. கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சுவது ஒரு பக்கத்துக்குத்தான் காணும். அதனால் ஒரு வருடம் மேல்வாய்க்கால், மறுவருடம் கீழ்வாய்க்கால் என்று முறை வைத்திருக்கிறார்கள். போன வருடம் எங்கள் முறை. வாய்க்கால் திருத்தவேண்டும் என்று சொல்லி மேல்வாய்க்காலுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆனால் போன வருடக் கூட்டக் குறிப்பில் தெளிவாக இருக்கிறது: ‘அடுத்த சிறுபோகம் தவறாது கீழ்வாய்க்காலுக்கு.’ இரண்டு முறை வாசித்தேன்.

என் வாயால் என் ஊருக்குத் தண்ணீர் அறிவிக்கப்போகிறேன். குலம் இதை நினைத்துத்தான் என்னைப் போட்டிருக்கிறான். சொல்லாமல் நன்மை செய்வது அவன் பழக்கம்.

மார்ச் 15, ஞாயிறு

தவமலர் வந்தாள். கீழ்வாய்க்கால் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் செயலாளர். புருசன் இல்லை, இரண்டரை ஏக்கர் வயலும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகளும். சைக்கிளைக் கேற்றில் சாத்திவிட்டு உள்ளே வராமல் நின்றாள்.

“மாஸ்டர், இனி உங்களை ‘கௌரவ’ எண்டு கூப்பிடவேணுமோ?”

“கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கமாட்டன்.”

சிரித்தாள். பிறகு விசயத்துக்கு வந்தாள். குவைத்தில் அவளுடைய மச்சாள் வேலை செய்யும் வீட்டிலேயே இன்னொரு ஆள் தேவையாம். நல்ல மனிசர். இருபத்தைந்தாம் திகதிக்குள் ஏஜென்சிக்காரருக்கு ஓம் சொல்லவேண்டும்.

“சிறுபோகம் இருந்தா நான் போகமாட்டன், மாஸ்டர். பிள்ளையை ஆரிட்ட விடுறது? இல்லையெண்டாப் போகத்தான் வேணும். நீங்கள் சொல்லுங்கோ. தண்ணி வருமோ?”

“எழுத்தில இருக்கு, பிள்ளை. நான் கண்ணால பார்த்தனான்.”

“எழுத்தில போன வருசமும் இருந்தது.”

“போன வருசம் நான் அங்க இருக்கேல்லை.”

அவள் சைக்கிளைத் திருப்பினாள். “சரி மாஸ்டர். நாளைக்கே அவங்களுக்கு இல்லையெண்டு சொல்லிவிடுறன்.”

புனிதம் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தவமலர் போனபிறகு, “கூட்டம் முடிய அந்தப் பிள்ளை பதில் சொல்லியிருக்கலாம்,” என்றாள். புனிதத்துக்கு எதிலும் அவசரம் பிடிக்காது.

மார்ச் 17, செவ்வாய்

நீர்ப்பாசனப் பொறியியலாளர் பிரதீபன் வந்தார். குளத்தில் பதினான்கு அடி தண்ணீர். ஒரு பக்கத்துக்குத் தாராளமாகக் காணும். பிறகு கதிரை நுனியில் இருந்துகொண்டு, கீழ்வாய்க்காலில் மூன்று இடத்தில் கசிவு இருக்கிறது, தண்ணீர் வீண்போகும், மேல்வாய்க்காலுக்கே கொடுப்பது நல்லது என்று ஒரு கருத்து இருக்கிறது என்றார்.

“ஆற்ற கருத்து, தம்பி?”

“ஒரு கருத்து சேர்.”

வகுப்பில் ஒருவன் விடையை மட்டும் எழுதி வழியை எழுதாமல் விட்டால், பக்கத்துக் கொப்பியைப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். அவரைச் சங்கடப்படுத்த விரும்பாமல் அனுப்பிவிட்டு, குலத்துக்கு வட்சப்பில் அழைத்தேன். மேல்வாய்க்காலில் அவனுடைய மாமனார் வீட்டுக்கு நாற்பது ஏக்கர் வயல் இருப்பது ஊருக்கெல்லாம் தெரியும். அதனால்தான் அவனிடமே நேராகக் கேட்டுவிட நினைத்தேன்.

“மச்சான், கூட்டத்தில சனம் என்ன சொல்லுதோ அதைச் செய். நான் குறுக்க நிக்கமாட்டன்,” என்றான்.

மனம் லேசாகிவிட்டது. அவன் பேசும்போது பின்னால் பேக்கரிப் பாண் வண்டியின் பாட்டுக் கேட்டது. நம்மூரில் முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருவார்களே, அதே மெட்டு. தாய்லாந்திலும் அப்படித்தான் விற்பார்கள் போலிருக்கிறது. உலகம் எல்லா இடமும் ஒன்றுதான்.

மார்ச் 19, வியாழன்

அமைச்சின் செயலாளர் மூன்று தாள்களைக் கொண்டுவந்தார். மேலே ஒன்றுமில்லை, கீழே ‘பதில் அமைச்சர்’ என்று மட்டும் அச்சடித்திருந்தது. நாளைக்குக் கூட்டத்தில் நெரிசலாக இருக்கும், வருகைப் பதிவுக்கும் குறிப்புக்கும் இப்போதே கையொப்பம் வைத்துத் தந்தால் பிறகு அலையத் தேவையில்லை, எல்லா அமைச்சர்களும் அப்படித்தான் என்றார்.

வைத்தேன். முப்பத்தைந்து வருடம் காலை ஏழரைக்கே வரவு இடாப்பில் கையொப்பம் வைத்தவன் நான். அந்த நாள் எப்படிப் போகப்போகிறது என்று பார்த்துக்கொண்டா வைத்தேன்?

மார்ச் 20, வெள்ளி

இன்றைய நாளை முழுமையாக எழுதிவைக்க வேண்டும்.

கூட்டுறவு மண்டபத்தில் நானூறு பேர் இருக்கும். வலப்பக்கம் மேல்வாய்க்கால், இடப்பக்கம் கீழ்வாய்க்கால். யாரும் சொல்லாமலே அப்படித்தான் இருந்தார்கள். முதலில் எழும்பியவர் மேல்வாய்க்காலின் தலைவர் வைரமுத்து.

“ஓட்டை வாளியில தண்ணி அள்ளுற கதையாக்கிடக்கு. கீழ்வாய்க்காலுக்குத் திறந்தா அரைவாசி காட்டுக்குள்ள போகும்.”

தவமலர் எழும்பினாள். “அண்ணை, அந்த ஓட்டையை அடைக்கிறம் எண்டுதானே போன வருசம் எங்கட முறையைப் பறிச்சனீங்கள்? அடைச்சனீங்களோ?”

“நான் என்ன கொத்தனாரே?”

“கொத்தனார் எண்டாலும் பரவாயில்லை, வேலை தெரிஞ்சிருக்கும்!”

இடப்பக்கம் முழுக்கச் சிரிப்பு. வலப்பக்கத்தில் நாலைந்து பேர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். நான் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன். எல்லோரும் இருந்துவிட்டார்கள். அதில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள்.

ஒரு உதாரணம் சொன்னேன். பாடசாலையில் ஒரே ஒரு உதைபந்து இருந்தது. ஒரு நாள் எட்டாம் வகுப்பு, மறுநாள் ஒன்பதாம் வகுப்பு. ஒருநாள் ஒன்பதாம் வகுப்பின் முறையில் பந்துக்குக் காற்று இறங்கிவிட்டது. அடுத்த நாள் காற்று அடித்தபின் யாருக்குக் கொடுப்பது? “எட்டாம் வகுப்பு வரிசைப்படி கேக்கும். ஆனா விளையாடாமல் இருந்தது ஆர்?” என்று கேட்டேன். மேல்வாய்க்கால்காரர் ஒருவர் தன்னை மறந்து “ஒன்பதாம் வகுப்பு சேர்” என்றுவிட்டார்.

கசிவுகளைக் கீழ்வாய்க்கால்காரர் தாங்களே மண்மூடை போட்டு அடைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். கையுயர்த்தச் சொன்னேன். வலப்பக்கத்திலிருந்தும் முப்பது நாற்பது கை உயர்ந்தது. அறிவித்தேன்: இந்தச் சிறுபோகம் கீழ்வாய்க்காலுக்கு. மார்ச் 28 காலை குளத்து மதகின் துருசு திறக்கப்படும்.

கைதட்டல். தவமலர் சேலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். வைரமுத்து மட்டும் போகும்போது மேடைக்குக் கிட்ட வந்து, “இருபத்தேழு மட்டும்தானே மாஸ்டர் உங்கட கதிரை?” என்றார். தோற்றவரின் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

எதிர்பாராத மழை, நேற்றும் இன்றும். புளியவெட்டை முழுக்க உழவு இயந்திரச் சத்தம். மழை ஈரத்திலேயே உழுது சேறடிக்கிறார்கள். வாகனத்தை மெதுவாக விடச் சொன்னேன். வரம்பில் நின்றவர்கள் கைகாட்டினார்கள். வாய்க்காலில் பெண்கள் வரிசையாக நின்று மண்மூடை கைமாற்றினார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் அன்ரன் பிந்தி வந்தார்.

“குறைநினைக்காதேங்கோ மாஸ்டர். விடியவே இஞ்சினியரைக் கொழும்பு பஸ்சில ஏத்திவிட்டிட்டு வாறன். பெரியவர் கூப்பிட்டவராம்.”

“எந்தப் பெரியவர்?”

அன்ரன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “எங்கட அமைச்சர்தான். கொழும்பில மனிசியின்ர தமக்கை வீட்டிலதானே நிக்கிறார். நான்தான் அண்டைக்குக் கொண்டுபோய் விட்டனான். உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்.”

பயணம் தள்ளிப்போயிருக்கலாம். விசா தாமதித்திருக்கலாம். நாற்பது வருடச் சிநேகிதனை, சாரதி சொன்னதைக் கேட்டு விசாரிப்பது அழகல்ல. பொறியியலாளருக்குக் கொழும்பில் சொந்த வேலைகளும் இருக்கும்.

தவமலரிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று நினைத்தேன். நிச்சயமில்லாததைச் சொல்லி மனிதரைக் குழப்பக்கூடாது. நாளை கூட்டுறவுச் சங்க வைபவத்துக்கு நான் பிரதம விருந்தினர். பேச்சுத் தயார் செய்யவேண்டும்.

மார்ச் 25, புதன்

மாலை, பொன்னாடை. பத்து நிமிடம் பேசினேன். நன்றாக இருந்தது என்றார்கள்.

மார்ச் 27, வெள்ளி

கடைசி நாள். வாகனச் சாவி, கோப்பு, முத்திரை எல்லாம் ஒப்படைத்தேன். திரும்பும்போது பஸ். நின்றுகொண்டு வந்தேன்.

மார்ச் 28, சனி

காலை எட்டு மணிக்குத் துருசு திறந்தார்கள். மேல்வாய்க்காலுக்கு.

புளியவெட்டைச் சனம் வாய்க்கால் கரையில் பகல் முழுக்க நின்றதாம். நான் போகவில்லை. எங்கோ பிழை நடந்திருக்கிறது. திங்கட்கிழமை அமைச்சுக்குப் போய்க் கேட்கவேண்டும். புனிதம் மத்தியானம் சமைத்து வைத்துவிட்டு என்னோடு பேசவில்லை.

மார்ச் 30, திங்கள்

பிழை நடக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

செயலாளர் கோப்பைத் திறந்து என் முன்னால் வைத்தார். முதலாவது தாள் வருகைப் பதிவு. இரண்டாவது, கூட்டக் குறிப்பு: கீழ்வாய்க்காலுக்குத் தண்ணீர், ‘பொறியியலாளரின் இறுதி அறிக்கைக்கு உட்பட்டு’. மூன்றாவது, மார்ச் 26 திகதியிட்ட உத்தரவு: கசிவு பற்றிய அறிக்கையை ஏற்று, சிறுபோக நீர் மேல்வாய்க்காலுக்கு வழங்கப்படுகிறது. மூன்றின் கீழும் என் கையொப்பம், அழகாக, அவசரமில்லாமல்.

“என்னை மன்னியுங்கோ சேர்,” என்றார் அந்தப் பெண். “எனக்கு இன்னும் ஆறு வருசம் வேலை இருக்கு.”

அமைச்சரின் அறைக்குள் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“குலம், இது என்ன?”

“இரு மச்சான். தண்ணி குடி.”

“நீ நாட்டை விட்டுப் போகவே இல்லை.”

“இல்லை.” ஒளிக்கவில்லை. “நான் இந்தக் கூட்டத்தில இருந்திருந்தா என்ன நடந்திருக்கும்? மேல்வாய்க்காலுக்கு எண்டு சொன்னா உன்ர சனம் என்ர வீட்டுக்குக் கல்லெறியும். கீழ்வாய்க்காலுக்கு எண்டு சொன்னா மாமனார் வீட்டுக்குள்ள நான் கால் வைக்கேலாது. உனக்கு ஆர் எறியப்போறான்? எல்லாருக்கும் கணக்குப் படிப்பிச்சவன் நீ. ரெண்டு மாசம் சனம் கதைக்காது, பிறகு மறந்துபோகும்.”

“நான் ஆளுநரிட்டப் போறன். நீ இங்கயே இருந்தாய் எண்டு எழுதிக் குடுக்கிறன்.”

“போ. நான் நாட்டில இருந்தன் எண்டு வந்தா உன்ர நியமனமே செல்லாது. அப்ப இந்த உத்தரவும் செல்லாது. ஓம். நீ மேடையில அறிவிச்ச கீழ்வாய்க்காலும் செல்லாது. பிறகு திரும்ப முடிவெடுக்கிறது ஆர்? அமைச்சர். ஆர் அமைச்சர்?”

இவ்வளவு கச்சிதமான கணக்கை நான் கரும்பலகையில் ஒருநாளும் எழுதியதில்லை.

எழும்பும்போது தோளில் கைபோட்டார். “மே மாசம் கல்வி அமைச்சர் லண்டன் போறார். கல்வி, அம்பலம். உனக்கெண்டே செய்த கதிரை. நான் உன்ர பேரைச் சொல்லியிருக்கிறன்.”

நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆளுநருக்குக் கடிதத்தைப் பதிவுத்தபாலில் அனுப்பினேன். இனி அது அவர்கள் பாடு. பின்னேரம் நாலு மணிக்குப் புளியவெட்டை வாசிகசாலையில் சனத்தைக் கூப்பிட்டேன். அறுபது பேர் வந்தார்கள். ஒருவரும் என்னை இருக்கச் சொல்லவில்லை.

வெற்றுத் தாளில் கையொப்பம் வைத்ததைச் சொன்னேன். அமைச்சர் நாட்டிலேயே இருந்ததைச் சொன்னேன். உதாரணம் எதுவும் சொல்லவில்லை. வாய்க்கு வரவுமில்லை.

“மாஸ்டர், நீங்கள் எங்களுக்கு வஞ்சகம் செய்யமாட்டியள் எண்டு தெரியும்,” என்றார் பெரியவர் செல்லையா. கல்லால் எறிந்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. “ஆனா ஒண்டு கேக்கிறன். அந்தாள் இங்கதான் நிக்கிறார் எண்டு உங்களுக்கு எப்ப தெரியவந்தது?”

“முப்பதாம் திகதி,” என்றேன்.

தவமலர் பின்னால் கதவோடு நின்றாள். எல்லோரும் கலைந்தபிறகு கிட்ட வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அன்ரன் அண்ணை நேற்று வந்தவர், மாஸ்டர். இருபத்தினாலாம் திகதி காலமையே உங்களுக்குச் சொன்னதெண்டு சொல்லிக் கவலைப்பட்டவர்.”

நான் மேசையில் கிடந்த பத்திரிகையை மடித்துவைத்தேன்.

“இருபத்தாறாம் திகதிதான் நான் விதைநெல்லை ஊறப்போட்டனான். ரெண்டரை ஏக்கருக்கும். அதுக்கு முதல்நாள் வரைக்கும் குவைத் வீடும் திறந்துதான் கிடந்தது. இல்லையெண்டு சொன்னாப்பிறகும் மச்சாள் எனக்காண்டி அண்டைக்கும் கேட்டவள். நான்தான், மாஸ்டர் ஒண்டும் சொல்லேல்லை, அப்ப எல்லாம் சரி எண்டு இருந்திட்டன்.”

“எனக்கு நிச்சயமாத் தெரியேல்லை, பிள்ளை.”

“எனக்கு நிச்சயம் தேவைப்படேல்லை. நீங்கள் ஒருக்கா வந்து, பயமாக்கிடக்கு எண்டு சொல்லியிருந்தாக் காணும்.”

செல்லையாவின் முன்னால் அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

தவமலர் போகிறாள். குவைத் வீட்டுக்கு வேறு ஆள் போய்விட்டது. இது வேறு நாடு, யாரும் தெரியாத வீடு. மகளைத் தமையன் குடும்பத்தோடு விட்டிருக்கிறாள்.

காலை ஏழு மணிக்குச் சைக்கிளில் வந்தாள். கரியரில் ஒரு சாக்கு கட்டியிருந்தது. நான் எழும்பி வாசலுக்கு வருவதற்குள் புனிதம் கேற்றடிக்குப் போய்விட்டாள். இருவரும் ஏதோ கதைத்தார்கள், எனக்குக் கேட்கவில்லை. புனிதம் அவளுடைய தலையைத் தடவினாள். சாக்கை இறக்கிவைத்துவிட்டுத் தவமலர் திரும்பி என்னைப் பார்த்து, எப்போதும் போல, “போட்டு வாறன் மாஸ்டர்” என்றாள்.

சாக்கை அவிழ்த்தேன். ஊறி முளைத்த விதைநெல். வெள்ளை முளைகள் ஒன்றோடொன்று பின்னி, நடுவில் சூடேறிப் புளித்த மணம். விதைக்கவும் முடியாது, குத்திச் சோறாக்கவும் முடியாது.

“என்ன சொன்னவள்?” என்று கேட்டேன்.

“கோழிக்குப் போடச் சொன்னவள்,” என்றாள் புனிதம்.

எங்கள் வீட்டில் கோழி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அது தவமலருக்குத் தெரியும்.